ஏழாம் எண் நகல்

ஃபாலனிகோ தன் பேச்சுக்கோலை மூதாதையர் பொருள் மறு உருவாக்க மையத்திடம் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாளில் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அன்று மாலை ரசீதை நிதானமாகப் படித்தபோது அது மூன்று வேலை நாள் என்று இருந்தது. எது வேலை நாள் என்பதை மையத்தின் குழு ஒன்று மாதம் ஒருமுறை கூடித் தீர்மானிக்கும் என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது.

ஃபாலனிகோ தலைநகர் ஆப்பியாவுக்கும் மேற்குக் கடற்கரைக்கும் நடுவே பேருந்து ஓட்டுபவர். போன வருடம் அவருடைய மாமா இறந்ததும் குடும்பம் கூடி, மாமாவின் பேச்சாளர் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது. அதற்கு முன் அவர் நீளமாகப் பேசியது சாலையை மறித்து நிற்கும் பன்றிகளிடம் மட்டும்தான். பட்டத்தோடு தோளில் போட்டுக்கொள்ளும் தேங்காய்நார்ச் சாமரமும், ஆள் உயரத்துக்கு ஒரு கருத்த மரக்கோலும் வந்தன. சாமரம் எந்தச் சாமரமாக இருந்தாலும் சரி. கோல் அப்படியில்லை. நான்கு தலைமுறைக்கு முன், கடல் தாண்டியுள்ள சவாயி தீவின் ஃபதுலோவா ஊரோடு இவர்கள் ஊருக்குப் பெரிய சண்டை. சண்டை ஓய்ந்த அன்று ஃபதுலோவாக்காரர்கள் தங்கள் பேச்சாளர் ஊன்றியிருந்த கோலையே பிடுங்கி ஃபாலனிகோவின் கொள்ளுத்தாத்தா கையில் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஃபதுலோவாவின் திடலில் இந்தக் குடும்பம் பேச எழுந்தால் அந்தக் கோலை ஊன்றித்தான் பேச வேண்டும். கோல் வரவில்லை என்றால் சமாதானம் வரவில்லை என்று பொருள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, அந்த ஃபதுலோவாவில்தான் ஃபாலனிகோவின் மகள் எலெனிக்குக் கல்யாணம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஊரில் பேச்சாளர் குடும்பங்கள் மூன்று. வெளியூர்த் திடலில் யார் பேசுவது என்பதை மூவரும் எழுந்து நின்று, ஒருவருக்கொருவர் மரியாதை சொல்லிக்கொண்டே வாதாடி முடிவு செய்வார்கள். மூவரில் லஃபாயேலே என்பவர் பத்து வருடமாக ஃபதுலோவாவில் பேசக் காத்திருந்தார். ஒருமுறை விட்டுக்கொடுத்த பேச்சு அவ்வளவு எளிதில் வீட்டுக்குத் திரும்பி வராது. தன் மகள் கல்யாணத்தில் லஃபாயேலே பேசுவதை உட்கார்ந்து கேட்பதைவிடப் பன்றிகளிடமே திரும்பிப் போய்விடலாம் என்று ஃபாலனிகோ நினைத்தார்.

இவ்வளவும் தெரிந்தவர் ஏன் கொடுத்தார் என்று கேட்கலாம். கேட்டார்கள் என்பதால் கொடுத்தார். வீடு தேடி வந்து, பாயில் உட்கார்ந்து, மரியாதையாகக் கேட்பவரிடம் இல்லை என்று சொல்வது எப்படி என்று இந்தத் தீவில் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

வந்தவள் மையத்தின் பதிவு அலுவலர் ரொசாலியா. மடியில் ஒரு சின்னக் கணினி. கோலைப் படம் பிடித்து, அளந்து, அதே போல ஒன்றை இயந்திரத்தில் அச்சடித்துப் பாதுகாத்துவிட்டு, அசலைத் திருப்பித் தந்துவிடுவோம் என்று சொன்னாள்.

"குடுக்கறதுன்னா சும்மா எடுத்துக் குடு," என்று உள்ளே அடுப்பில் கோக்கோவைக் கிளறிக்கொண்டிருந்த மனைவி மகெரிதா குரல் கொடுத்தாள். "பேச்சு கீச்சுன்னு ஆரம்பிக்காத."

"பேச்சாளன் கையிலேர்ந்து ஒரு பொருள் பேச்சில்லாம போகுமா? நல்லா இருக்கே!"

பட்டம் கிடைத்து ஒரு வருடத்தில் அவருக்கு வாய்த்த நான்காவது வாய்ப்பு அது. விடுவாரா? கோலை இரண்டு கையாலும் ஏந்தி, முறைப்படி எப்படித் தன்னைத் தாழ்த்திப் பேச வேண்டுமோ அப்படியே பேசினார். "மழைக்கு ஒழுகும் எங்கள் ஏழைக் குடிலிலிருந்து, ஒன்றுக்கும் உதவாத இந்தக் குச்சியை, உங்கள் உயர்ந்த இல்லத்தின் காலடியில் வைக்கிறோம். கோணலான எங்களைப் போலவே இதுவும் கோணல். இது உங்களுடையது. இந்த வீடும் உங்களுடையது." ரொசாலியா ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்துகொண்டாள். கூர்ந்து கேட்கிறாளே என்று ஃபாலனிகோவுக்கு மனம் நிறைந்தது.

மாலையில் படித்த ரசீது இப்படி இருந்தது:

பொருள்: குச்சி. பயன்: இல்லை (உரிமையாளர் கூற்று). நிலை: கோணல் (உரிமையாளர் கூற்று). இதுவரை வைக்கப்பட்டிருந்த இடம்: ஒழுகும் குடில். தற்போதைய உரிமை: மையம் (உரிமையாளர் கூற்று). பிற: வீடும் வழங்கப்பட்டுள்ளது, பரிசீலனையில்.

மகெரிதா அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். "நாம எப்ப காலி பண்ணணும்னு போடலையா?" என்று கேட்டாள்.

மூன்று வேலை நாள் கழிந்து, மேலும் ஒரு வாரம் கழிந்து, ஃபாலனிகோ மதிய ஓட்டத்துக்கு முன் மையத்துக்குப் போனார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம். வெளிநாட்டு உதவியில் கட்டியது என்பதால் சன்னல் திறக்காது. உள்ளே நான்கு அச்சு இயந்திரங்கள் பாய்மேல் வீற்றிருந்தன. அவற்றில் பெரிய இயந்திரத்துக்கு, போன சுதந்திர தினத்தன்று ஒரு தலைவர் பட்டமே சூட்டியிருந்தார்கள். ஆகவே ஊழியர்கள் அதன் முன்னால் போகும்போது, அமர்ந்திருக்கும் பெரியவர்களைக் கடப்பது போல, முதுகை வளைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடந்தார்கள். தேநீர்த் தட்டோடு வருபவரும் அப்படித்தான் வந்தார். தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் சடங்குப் பானமான கவா வேரைக் கரைத்து, முதல் கோப்பையில் சில துளிகளை முறைப்படி இயந்திரத்தின் அடியில் சிந்துவார்கள். தொடக்க விழாவில் இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டு முழுக் கோப்பையையும் அதன் மேலேயே ஊற்றிவிட்டதில் இயந்திரம் இரண்டு வாரம் பேசவில்லை என்று காவலாளி சொன்னார்.

ரொசாலியா ஒரு நீளமான அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஃபாலனிகோவின் கையில் வெள்ளைக் கையுறைகளை மாட்டிவிட்டாள்.

"எதுக்கு மிஸ் இது? என் கோல்தானே?"

"கை வியர்வை பட்டா பொருள் கெட்டுடும் ஐயா."

"நாலு தலைமுறையா வியர்வை பட்டுத்தானே அது கறுத்திருக்கு."

"அதான் சொல்றேன்," என்றாள் ரொசாலியா.

பெட்டிக்குள் ஒரு கோல் இருந்தது. கறுப்பு. பளபளப்பு. ஃபாலனிகோ எடுத்தபோது கை தானாக மேலே போயிற்று. கோலின் எடைக்குத் தயாராக இருந்த கைக்கு எடையே கிடைக்கவில்லை. ஊன்றிப் பார்த்தார். இவருடைய கோல் சற்று இடப்பக்கம் சாயும், இது சாயவில்லை. மேலே, பேசுபவரின் கட்டைவிரல் போய் உட்காரும் பள்ளம் ஒன்று இருக்க வேண்டும். இல்லை.

"இது என்னோடது இல்லையே."

"உங்களோடதுதான் ஐயா. குறைகளைச் சரி பண்ணியிருக்கோம். கோணலை நிமித்தியாச்சு. பள்ளத்தை மூடியாச்சு. அடியில தேஞ்சிருந்த நாலு சென்டிமீட்டரைச் சேர்த்தாச்சு."

"அந்த நாலு சென்டிமீட்டரை எங்க ஆளுங்க பேசிப் பேசித் தேச்சிருக்காங்க மிஸ். அதையும் சேர்த்தா நாங்க இன்னும் வாயே திறக்கலைன்னு ஆகும்."

ரொசாலியா இதையும் தட்டச்சு செய்துகொண்டாள். ஃபாலனிகோ உடனே வாயை மூடிக்கொண்டார்.

பழைய கோல் எங்கே என்று கேட்டார். பழையது என்று எதுவும் இல்லை, ஒரே பொருளுக்கு இரண்டு பதிப்பு இருக்கிறது, எது அசல் என்பதை மையம்தான் அறிவிக்க முடியும் என்று பதில் வந்தது. அறிவிப்பில் ஆட்சேபம் இருந்தால் படிவம் உண்டு. படிவத்தில் 'பொருளை முதன்முதலில் செய்தவரின் கையொப்பம்' என்று ஓர் இடம் இருந்தது. செய்தவர் இறந்து நூறு வருடம் ஆகிறது என்றார் ஃபாலனிகோ. அப்படியானால் அவருடைய ஒப்புதல் கடிதத்தை இணைத்தால் போதும் என்றாள் ரொசாலியா. அவள் கேலியாகச் சொல்லவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அசல்தன்மை ஒப்பீட்டுக் குழு கூடியது. ஃபாலனிகோ அன்றைய ஓட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நல்ல கோட்டும் இடுப்பில் லவலவாத் துணியும் உடுத்திக்கொண்டு போனார். மேசையின் மேல் இரண்டு கோல்கள். அவற்றில் ஒன்று அவருடையது. இரண்டு வாரம் குளிரூட்டிய அறையில் கிடந்ததில் மரம் வற்றி, நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டிருந்தது. வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வந்தது போல அவர் அதைப் பார்த்தார்.

இயக்குநர் டாக்டர் எசேகியேலு எழுந்தார். ஜெபம் சொன்னார். பிறகு பேசினார்.

"சகோதர சகோதரிகளே. நம்ம பாரம்பரியப் பொருள்களுக்கு வந்த சேதத்தையெல்லாம் இந்த மையம் மூணு வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்கு. புயலால வந்த சேதம் எட்டு சதவீதம். கரையான், பதினொண்ணு. பாக்கி எண்பத்தொண்ணு சதவீதம் எதனால? உபயோகிச்சதால! ஆமா. நம்ம ஜனங்களே அதை எடுத்து, அதை வச்சு அவங்க வேலையைப் பாத்திருக்காங்க. இதைக் கேக்கறப்போ மனசு வலிக்குது. அதனால இந்த மையத்தோட லட்சியம் ஒண்ணே ஒண்ணுதான். நம்ம பாரம்பரியத்தை நம்மகிட்டேர்ந்து காப்பாத்தணும்."

ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"சிலபேர் கேக்கறாங்க, உங்க மையத்துல மரம் செதுக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்னு. பெருமையா சொல்றேன், ஒருத்தர்கூட இல்லை. பதினோரு பேர் இருக்கோம். உளியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூட எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தாலும் பாரபட்சம் வந்துடும். இங்க எல்லாத்தையும் ஃபைல் பாத்துக்கும். ஃபைல்தான் அசல். மரம் இருக்கே, அது ஃபைலுக்கு முந்தி வந்த ஒரு வரைவு. அவ்வளவுதான்."

பிறகு ஒப்பீடு நடந்தது. ஒரு கருவி நீல வெளிச்சத்தால் இரண்டு கோல்களையும் மேலும் கீழும் தடவியது. திருத்திய கோப்போடு அவை எவ்வளவு பொருந்துகின்றன என்று திரையில் எண்கள் வந்தன. அச்சடித்த கோல்: நூறு சதவீதம். மரக்கோல்: தொண்ணூற்று நான்கு.

"தீர்ப்பை எண்ணே சொல்லிடுச்சு," என்றார் இயக்குநர். "முதல் கோல் அசல். ரெண்டாவது, தரம் குறைஞ்ச நகல். ஆனா கைவேலைன்னு பாத்தா மோசமில்லை. யாரு பண்ணினது?"

ஃபாலனிகோ எழுந்தார். "டாக்டர், அந்த மரக்கோலைப் பாத்துத்தானே நீங்க ஃபைலே பண்ணினீங்க?"

"ஆமா."

"அப்ப அது எப்படி நகல் ஆகும்?"

இயக்குநர் குழுவைப் பார்த்தார். குழு ரொசாலியாவைப் பார்த்தது. ரொசாலியா குறிப்பேட்டைப் புரட்டி, "ஐயாவோட பேச்சாளர் பட்டம் அவரோட மாமாகிட்டேர்ந்து வந்தது. மாமாவுக்கு அவர் மாமாகிட்டேர்ந்து. அந்த முறையில பாத்தா ஐயாவே நாலாவது பதிப்பு," என்றாள்.

"பட்டத்துக்குப் பதிப்பு ஏது மிஸ்? பட்டம் ஒண்ணுதான். ஆளுதான் மாறுவான். நான் செத்தா இன்னொருத்தன் அதைப் போட்டுப்பான். அவன் எனக்கு நகல் கிடையாது, நான் யாருக்கும் நகல் கிடையாது."

அறையில் யாரோ ஒருவர், பழக்கத்தில், "நல்லாச் சொன்னீங்க!" என்று குரல் கொடுத்துவிட்டார். திடலில் பேச்சு நன்றாக இருந்தால் அப்படிக் குரல் கொடுப்பது வழக்கம். அந்தக் குரல் நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

நகலை எடுத்துக்கொள்ளலாமா என்று ஃபாலனிகோ கேட்டார். அசல் என்று நீங்கள் சொல்வது உங்களிடமே கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும், தரம் குறைந்த இது எனக்குப் போதும் என்றார். இதைச் சொன்னபோது தான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்வதாக அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"தாராளமா," என்றார் இயக்குநர். "சமூகப் பயன்பாட்டுச் சோதனைன்னு ஒரு திட்டம் இருக்கு. ஒருநாள் கடனா தரலாம். ஆனா நகல் வெளியில போகணும்னா அதுல முத்திரை இருக்கணும். சட்டம். பாக்கறவங்க ஏமாந்துடக் கூடாது இல்லையா?"

முத்திரை என்றால் ஒட்டுத்தாள் என்று நினைத்தார் ஃபாலனிகோ. கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை போனபோது கோலை லேசர் இயந்திரத்தின் தொட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். எழுத்தைக் கோலின் மேல்பாதியில், எதிரில் இருப்பவர் படிக்கும்படி சுட வேண்டும் என்பது விதி. வேண்டாம் என்றால் கோல் இங்கேயே இருக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"அடியில போட முடியாதா மிஸ்? மண்ணுக்குள்ள போற இடத்துல?"

"விதியில 'பார்வை மட்டத்தில்'னு இருக்கு ஐயா." ரொசாலியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "சின்ன எழுத்தா போடச் சொல்றேன்."

மறுநாள் விடிந்தால் படகு. ஃபாலனிகோ சரி என்றார். சிவப்புப் புள்ளி ஒன்று மரத்தின் மேல் நகர்ந்தது. பின்னால் மெல்லிய புகை எழுந்தது. கோலைப் பல கைகள் தேய்த்து ஏறியிருந்த எண்ணெய் வாசம் அந்த அறை முழுவதும் பரவி, திறக்காத சன்னலில் முட்டிக்கொண்டு நின்றது. கையுறைக்குள் ஃபாலனிகோவின் விரல்கள் நனைந்துவிட்டன. எழுத்து அப்படியொன்றும் சிறிதாக வரவில்லை. 'நகல். எண் 7. மறு உருவாக்க மையத்தின் உடைமை.'

படகில் எலெனி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "துணி சுத்திடலாமா அப்பா?"

"சுத்தினா, உள்ள என்னன்னு கேப்பாங்க."

"கையால மறைச்சுப் பிடிச்சா?"

அவர் பிடித்துப் பார்த்தார். மறைந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அதே படகில், மேல்தளத்தில், இயக்குநரும் ரொசாலியாவும் ஒரு படப்பிடிப்பாளரும் வந்துகொண்டிருந்தார்கள். சமூகப் பயன்பாட்டை நேரில் பதிவு செய்ய வேண்டுமாம்.

தேவாலயத்தில் கல்யாணம் முடிந்தது. இரண்டு ஊரும் திடலின் இரண்டு பக்கத்திலும் கூரை நிழலில் உட்கார்ந்தன. ஃபதுலோவாவின் பேச்சாளர் அவுகுசோ எதிர்ப்பக்கம் நடுத்தூணில் சாய்ந்திருந்தார். எண்பது வயதுக்காரர், கோலை அன்று கொடுத்தவரின் பேரன். இந்தப் பக்கம் மூன்று பேச்சாளர்களும் வெயிலில் எழுந்து நின்றார்கள். மூன்றாவது ஆள் இரண்டு வாக்கியம் மரியாதை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். லஃபாயேலே உட்காரவில்லை. உதடு அசையாமல் பேசினார்.

"உக்காருப்பா ஃபாலனிகோ. போலிக் கோலை ஊனி ஊர் மானத்தை வாங்காத. நான் பாத்துக்கறேன்."

"என் பொண்ணு கல்யாணம், லஃபாயேலே."

"அதுக்குத்தான் சொல்றேன். உன் பொண்ணு இங்க வாழணும் இல்ல? கோல்ல என்ன எழுதியிருக்குன்னு படகுலயே பாத்துட்டேன். இப்ப அவங்க பாக்கப் போறாங்க."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து அவுகுசோவின் குரல் வந்தது. "கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா. கோல்ல ஏதோ எழுத்து தெரியுதே. என்னது?"

ஃபாலனிகோவின் கை எழுத்தின் மேல்தான் இருந்தது, முழுவதும் மறைக்கவில்லை. மூன்று வாரமாக வண்டி ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்த வம்சாவளி, மலைகளின் பெயர், இரு ஊர்த் தலைவர்களின் பட்டங்கள் எல்லாம் தலையிலிருந்து இறங்கிப் போய்விட்டன. கையைக் கீழே இறக்கினார்.

"நகல்னு எழுதியிருக்கு பெரியவரே," என்றார். "எண் ஏழு. நீங்க குடுத்த கோல்தான் இது. மூணு நாளைக்குக் குடுங்கன்னு ஆப்பியாவுல கேட்டாங்க, குடுத்தேன். அங்க மிஷின்ல இதை மாதிரியே ஒண்ணு பண்ணி, அதுதான் அசல்னுட்டாங்க. அது நேரா இருக்கு. பளபளன்னு இருக்கு. கண்ணாடிப் பெட்டியில இருக்கு. எனக்கு இதுதான் வேணும்னேன். கடனா குடுத்தாங்க. சூடு போட்டுக் குடுத்தாங்க. சூடு போடறப்போ நான் பக்கத்துலயேதான் நின்னேன். வேணாம்னு சொல்லியிருக்கணும். சொன்னா வெறுங்கையோட வரணும்னு பயந்துட்டேன். கையால மறைச்சுக்கலாமான்னு வழியெல்லாம் யோசிச்சுட்டுத்தான் வந்தேன். எனக்கு வேற பேச்சு இல்ல. உங்க வீட்டுக்கு என் பொண்ணைக் குடுக்க வந்திருக்கேன். கோலையும் கொண்டாந்திருக்கேன்."

அவுகுசோ எழுந்தார். ஆனால் ஃபாலனிகோவைப் பார்க்கவில்லை; விருந்தினர் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்த டாக்டர் எசேகியேலுவைப் பார்த்தார். தலைநகரத்து மந்திரிகளுக்குச் சொல்லும் அத்தனை பட்டப்பெயர்களையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்க தாத்தா கையில என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கே தெரியாம இருந்ததை அளந்து கண்டுபிடிச்ச மகா ஞானிகளே! இப்பேர்ப்பட்ட அறிவாளிகளை எங்க தீவு இதுக்கு முன்ன கண்டதில்லை. எங்க தாத்தா பாவம், படிக்காத மனுஷன். ஃபைல் இல்லாமலே சமாதானம் பண்ணிட்டார். உங்களைப் பெத்த நாடு இனி வேற யாரையும் பெறவேண்டியதே இல்லை. உங்க பாதம் பட்ட திடல்ல இனி புல்லு முளைக்கறதுகூடச் சந்தேகம்தான்."

இரண்டு ஊரும் உதட்டைக் கடித்துக்கொண்டன. பின்வரிசையில் ஒரு பெண் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு குலுங்கினாள். இயக்குநர் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, கண் கலங்க வணங்கினார். உட்காரும்போது படப்பிடிப்பாளரிடம், "முழுக்கப் பதிவாச்சா?" என்று கேட்டார். ரொசாலியா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவுகுசோ இப்போதுதான் ஃபாலனிகோவின் பக்கம் திரும்பினார். "ஊனுப்பா," என்றார். "ஊனிப் பேசு. வெயில் ஏறுது, பன்னி வெந்துடுச்சு."

லஃபாயேலே உட்கார்ந்தார். உட்காரும்போது, சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி, "நான்தான் அவனைப் பேசச் சொன்னேன்," என்றார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. சமூகப் பயன்பாட்டுச் சோதனைக்கு வழங்கப்பட்ட ஏழாம் எண் நகலை மூன்று வேலை நாளுக்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டும், தவறினால் பரிசீலனையில் உள்ள வீடு குறித்த முடிவு விரைவுபடுத்தப்படும் என்று இருந்தது.

ஃபாலனிகோ கடிதத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டார். மகெரிதா அதை வாங்கிப் படித்தாள். பின்கட்டுக்குப் போய், தரை துடைக்கும் மாப்பின் கட்டையை உருவிக்கொண்டு வந்தாள்.

"இந்தா. ஆணியைக் காய வச்சு எழுது."

"பைத்தியமா உனக்கு? இது அதுல பாதிதான் இருக்கு."

"பாதிக்கு மேலயே இருக்கு. எழுது."

சமையல் அடுப்பில் ஆணியைக் காய்ச்சி அவர் எழுதினார். நகல். எண் 7. மூன்றாவது வரி வருவதற்குள் இடம் தீர்ந்து, எழுத்து வளைந்து பின்பக்கம் போய்விட்டது.

"கோணலா வருதே மகெரிதா."

"உபயோகத்துல கோணிடுச்சுன்னு சொல்லு. அவங்களுக்கு அது பிடிக்கும்."

மையத்தில் ரொசாலியா கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். கட்டையைத் தூக்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"சோப்பு வாசனை வருது."

"ஊர்ல ரொம்பச் சுத்தம் மிஸ்."

"ஆறடி இருந்துச்சு. இப்ப நாலடிதான் இருக்கு."

"திடல்ல ரொம்ப நேரம் ஊனிப் பேசிட்டேன்," என்றார். "தேஞ்சிடுச்சு."

ரொசாலியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தது போல இருந்தது; பேருந்துக்காரர் கணக்கில் ஒரு நிறுத்தத்தில் நான்கு பேர் ஏறி இறங்கும் நேரம். பிறகு கட்டையை நீல வெளிச்சத்துக்குக் கீழே வைத்தாள். திரையில் அறுபத்தொன்று என்று வந்தது. அதை எழுதிக்கொண்டாள். 'ஒப்படைக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி ரசீதை நீட்டினாள்.

"அன்னிக்கு நீங்க பேசினது நல்லா இருந்துச்சு ஐயா," என்றாள், இயந்திரத்தின் சத்தத்துக்குள் கேட்டும் கேட்காமலும்.

அடுத்த மாதம் ஒரு காலை ஓட்டத்தில் வானொலியில் இயக்குநரின் குரல் வந்தது. பேருந்தில் இருக்கைக்கு இரண்டு பேர், அந்த இருவர் மடியிலும் தலா ஒருவர். மையத்தின் இரண்டாம் கட்டத்துக்கு நிதி கிடைத்துவிட்டதாம். ஃபதுலோவாவின் மூத்த பேச்சாளர் பாராட்டிப் பேசியதை ஒலிபரப்பினார்கள். புல் முளைக்காது என்ற இடம்வரை முழுவதுமாக ஒலிபரப்பினார்கள்.

"அதே சமயம் வருத்தமான ஒரு உண்மையையும் சொல்லியாகணும்," என்றார் இயக்குநர். "ஒரு நகலை ஒரே ஒரு நாள் ஜனங்க கையில குடுத்தோம். முப்பத்தொன்பது சதவீதம் தேஞ்சு திரும்பி வந்திருக்கு. ஒரே நாள்ல! எந்தக் கரையானாலயும் முடியாதது. இந்தக் கைகள்லேர்ந்து நம்ம பொருள்களைக் காப்பாத்தறதுக்காக..."

முன்னிருக்கையில் ஒருத்தி மடியில் உட்கார்ந்திருந்த மீன்காரி சன்னல்பக்கம் எச்சில் துப்பிவிட்டுத் திரும்பினாள். "யாரை இப்படித் திட்றான், பேச்சாளரே? யாரோட கையி?"

"நம்மளதுதான்," என்றார் ஃபாலனிகோ. கியரை மாற்றினார்.